நாலு கோடு அக்கா

உள்ளறையில் பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பாதி வழியில் துணி சிக்கி நின்றது. ஒரு பெருமூச்சு. மறுபடியும் இழுப்பு.

சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அடுப்பைத் தணித்துவிட்டு நின்றாள். போய் உதவலாமா, கூடாதா? பெற்ற மகளின் பெட்டிக்கு ஜிப் போட்டுத்தர யோசித்து நிற்கும் நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. இவளுக்கு வந்திருந்தது.

மகளும் மருமகனும் இந்த வீட்டில்தான் இவளோடு இருந்தார்கள். விபத்துக்குப் பிறகு மகள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கணவனின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று துணிமணிகளை எடுத்துப்போக வந்திருக்கிறாள். கீழே தெருவில் அந்த அண்ணன் வேனில் காத்திருக்கிறார். இனி அவர்களோடு வேறு ஊர். பேத்தியின் முகத்தை இவள் இன்றுதான் கிட்டத்தில் பார்த்தாள். வாசலில், துணிக்குள், ஒரு மூக்கு நுனி மட்டும்.

மகள் போய்விட்டால் திரும்பி வரமாட்டாள் என்பது இவளுக்குத் தெரியும். அவளை நிறுத்தி வைக்க ஒரே ஒரு வாக்கியம் போதும் என்பதும் தெரியும். அந்த வாக்கியத்தை இவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இவள் வாடகைக் கார் ஓட்டுகிறவள். ஓட்டினவள் என்றுதான் இனிச் சொல்ல வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் புருஷன் காய்ச்சலில் கண்ணை மூடினான். அவன் விட்டுப்போன சொத்து ஒரு பழைய கார். அதில் பக்கத்து ஸீட்டில் மட்டுமே உட்கார்ந்து பழகியவள், அழுத கண்ணோடு நகர்ந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து யார் வண்டியிலும் ஒரு கீறல் போட்டதில்லை. முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டுப் போவாள். ஹாரன் அடித்தாலும் சரி, திட்டினாலும் சரி, அந்த இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"கண்ணு பார்த்து, மனசு புரிஞ்சுக்கிட்டு, காலு பிரேக்கை அமுக்கறதுக்குள்ள வண்டி பாதித் தெருவைத் தாண்டிடும். அதுக்கப்புறம்தானே நிக்கவே ஆரம்பிக்கும்?" என்பாள்.

பழைய கார் ஓய்ந்து, கம்பெனியில் மின்சாரக் கார் கொடுத்தார்கள். அதற்குக் கண் உண்டு. முன்னால் போகும் வண்டியைத் தானே பார்த்து, தானே வேகம் குறைக்கும், தானே பிரேக் போடும். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று நாம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். திரையில் சின்னக் கார்ப் படத்துக்கு முன்னால் கோடுகள் தெரியும். ஒரு கோடு என்றால் நெருக்கம். நாலு கோடு என்றால் தாராளம். மற்ற டிரைவர்கள் எல்லாரும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இவள் மட்டும் எப்போதும் நாலு. சார்ஜ் போடும் இடத்தில் அவளுக்குப் பேரே 'நாலு கோடு அக்கா' என்றாகிவிட்டது.

"அக்கா, உங்க வண்டிக்கு முன்னாடி இருக்கிற இடத்துல ஒரு கல்யாணமே நடத்தலாம்!"

"நடத்துடா. மாப்பிள்ளை நீன்னு தெரிஞ்சா பொண்ணு ஓடிடும். எடம் இன்னும் மிச்சமாகும்."

வீட்டில் மருமகனும் விடமாட்டான். அச்சகத்தில் வேலை பார்ப்பவன். வாய் நிறையச் சிரிப்பு. "அத்தை காரா ஓட்டறாங்க? தேர் ஓட்டறாங்க" என்று மனைவியிடம் கிண்டல் செய்வான். அப்பா இல்லாத பெண்ணுக்கு அப்படி ஒரு மனசுள்ளவன் வாய்த்தானே என்று இவள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்ட நாட்கள் உண்டு.

விபத்து நடந்த அன்று மதியம், மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மகளுக்கு வலி எடுத்துவிட்டது. இவள் அச்சக வாசலில் போய் நின்று மருமகனை ஏற்றிக்கொண்டாள். கையிலிருந்த மையைக் கூடக் கழுவாமல் ஓடிவந்து உட்கார்ந்தான். பெரிய சாலை. அப்போதுதான் தூறல் பிடித்திருந்தது. இவள் விட்ட இடத்தில் ஒரு வண்டி நுழைந்தது. கார் தானாக வேகம் குறைத்து மறுபடி இடம் விட்டது. அதில் இன்னொன்று நுழைந்தது.

"அத்தை, இப்படிப் போனா புள்ள பொறந்து, பல்லு முளைச்சு, பள்ளிக்கூடத்துக்கே போயிடும்!" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டித் திரையைத் தொட்டான். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று.

"வேணாம் மாப்பிள்ளை. ரோடு ஈரம்."

"இன்னிக்கு ஒரு நாள் அத்தை. அவ தனியாக் கெடக்கா."

அவ தனியாக் கெடக்கா. அந்தச் சொல்லில்தான் இவள் கரைந்தாள். மறுபடி நாலாக்க விரல் போனது. போன விரல் திரும்பிவிட்டது. கார் முன்னால் போன லாரியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. மருமகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பொண்ணாப் பொறந்தா உங்க மூக்கு மட்டும் வேணாம் அத்தை. மத்ததெல்லாம் சம்மதம்" என்றான். இவளும் சிரித்தாள்.

லாரி சடாரென்று நின்றது.

கார் அலறியது. தானே பிரேக் போட்டது. இவளும் காலை ஊன்றி மிதித்தாள். கார் தன் கடமையைச் செய்தது. பாவம், அதற்குக் கொடுத்த இடம்தான் போதவில்லை. பேட்டரிக் கனம் வேறு. ஈரத்தில் சக்கரம் வழுக்கிக்கொண்டே போனது. கை தன்னையறியாமல் ஸ்டீயரிங்கை ஒடித்தது. மருமகன் உட்கார்ந்திருந்த பக்கம் லாரிக்கு அடியில் போனது.

இவள் மட்டும் விலா எலும்பில் விரிசலோடு பிழைத்தாள். அதே நேரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது.

விசாரணையில் கேட்டார்கள். "இடைவெளியை ஒரு கோட்டுக்குக் குறைச்சது யாரு?" அறைக்கு வெளியே பெஞ்சில் மகள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தது கதவிடுக்கில் தெரிந்தது. வெளிறிய முகம். "நான்தான்" என்றாள் இவள். லைசென்ஸ் போனது. அது பெரிதில்லை. அன்றிலிருந்து மகளின் வாயில் அம்மா என்ற சொல்லும் போனது.

உள்ளே குழந்தை வீறிட்டது.

கால் தானாக நடந்தது. கட்டிலில் குழந்தை கைகால் உதைத்துக்கொண்டிருந்தது. மகள் பெட்டியின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தாயை நிமிர்ந்து பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள்.

"தூக்கறதுன்னா தூக்கு. நான் இதை மூடணும்."

தூக்கினாள். அந்தச் சின்னச் சூட்டை விலாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு இவளை உற்றுப் பார்த்தது.

"உன் மூக்குதான்," என்றாள் மகள், எரிச்சலாக. "எல்லாரும் சொல்றாங்க."

"அவரு வேணாம்னு சொன்னாரு."

"யாரு?"

"மாப்பிள்ளை. வண்டியில. பொண்ணாப் பொறந்தா உங்க மூக்கு மட்டும் வேணாம் அத்தைன்னாரு. சிரிச்சுக்கிட்டே வந்தாரும்மா."

மகளின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அங்கே வந்து நின்றது. பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா அப்படிப் பண்ணின?" வெகு நாளைக்குப் பிறகு வந்த அந்த 'அம்மா' இவளை அறுத்தது. "ஊரே சிரிச்சும் நாலு கோட்டை விடாதவ நீ. மழையில, அதுவும் அவரை வச்சுக்கிட்டு... என்ன அவசரம் உனக்கு? ஏதாவது சொல்லேன். நான் நம்பற மாதிரி ஒண்ணு சொல்லேன். நான் போகவேண்டியதில்லாம ஏதாவது சொல்லு."

கதவைத் திறந்தே வைத்துவிட்டுக் கேட்டாள் மகள். சொல்லிவிடலாம். அவர்தான் மாத்தினார் கண்ணு, நான் வேணாம்னு சொன்னேன். அவ்வளவுதான். பெட்டி திறக்கும். துணிகள் பீரோவுக்குத் திரும்பும். இந்தச் சூடு இந்த வீட்டிலேயே வளரும்.

ஆனால் அதற்குப் பிறகு? ஒவ்வொரு ராத்திரியும் மகள் விழித்திருந்து யோசிப்பாள். எனக்காக அவசரப்பட்டார், எனக்காகவே செத்தார் என்று. நாளைக்கு இந்தக் குழந்தை அப்பா எப்படிப் போனார் என்று கேட்கும். இப்போது சொல்ல ஒரு பதில் இருக்கிறது: பாட்டி தப்பு பண்ணிட்டா. அந்தப் பதிலையும் பிடுங்கிக்கொண்டால் என்ன மிஞ்சும்? செத்தவன் வந்து தன் பக்கம் பேச முடியாது. உயிரோடு இருக்கிறவள் திட்டு வாங்கித் தாங்கலாம்.

"உன்னைப் பார்க்கணும்ங்கிற அவசரம்தாம்மா," என்றாள்.

"அவரு உன்னை மெதுவாப் போகச் சொல்லியிருப்பாரே. அவரு எப்பவும் பொறுமைதானே?"

மகளின் கண் இவள் முகத்திலேயே நின்றது. அந்தக் கண்ணில் புருஷனுக்காக ஒரு கெஞ்சல் இருந்தது. அவன் நல்லவனாகவே போய்ச் சேர்ந்தான் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்கிற கெஞ்சல்.

"சொன்னாரு," என்றாள் இவள். "ரெண்டு தடவை சொன்னாரு. மெதுவாப் போங்க அத்தை, ரோடு ஈரம்னாரு. நான்தான் கேக்கல."

மகள் எழுந்தாள். முகத்தில் இருந்த ஈரமெல்லாம் ஒரு நொடியில் வற்றிப்போனது. அதோடு இன்னொன்றும் நடந்ததை இவள் பார்த்தாள்: எத்தனையோ நாளாகக் குனிந்திருந்த மகளின் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது.

"குடு," என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

குழந்தையின் பிடியில் இவள் புடவை நுனி சிக்கியிருந்தது. மகளே அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். கீழே வேனிலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"பால் காய்ச்சியிருக்கேன். ஒரு வாய்..."

"வேணாம். நேரமாச்சு."

பெட்டியை இவள் தூக்கப்போனாள். "விலா எலும்பு வலிக்கும், வை" என்றாள் மகள். சொன்ன பிறகு தான் சொன்னதற்காகவே கோபப்பட்டவள்போல வெடுக்கென்று பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். திரும்பவில்லை.

"மாத்திரை ஒழுங்காப் போடு."

"சரிம்மா."

படிகளில் பெட்டியின் சக்கரம் தடதடவென்று இறங்கியது. குழந்தை ஒரு தரம் சிணுங்கியது. வேன் கதவு சாத்தப்பட்டது. எஞ்சின் உறுமும் சத்தம் தெருமுனை வரை கேட்டுத் தேய்ந்துபோனது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இவள் இன்னும் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.