மூன்றாவது மேட்ச்சுக்கு வராத போன்

சங்கரபாண்டியன் போய்விட்டார். திங்கட்கிழமை மதியம் தபால் பெட்டியில் மெயில் எடுக்க வாசலுக்கு வந்தவர், அங்கேயே விழுந்துவிட்டாராம்.

எனக்குத் தெரிந்தது செவ்வாய் காலை, தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குரூப்பில். ஒரு கொலு அழைப்புக்கும் யாரோ விற்கிற பழைய சோபாவுக்கும் நடுவில் அவர் படம்...

வாராவாரம் அவரோடு பேசியவன் நான். ஒருத்தருக்கும் எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லத் தோன்றவில்லை. இருக்கட்டும்.

டாலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். திருநெல்வேலிக்காரர், நாலு வீடு கேட்கச் சிரிப்பார். ஒரே ஆபீஸில் வேலை பார்த்தோம். ரிட்டயர் ஆன பிறகு எங்களுக்குள் மிச்சம் இருந்தது ஒரு காலேஜ் ஃபுட்பால் டீம். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்.

அந்த காலேஜில் நாங்கள் இரண்டு பேருமே படித்ததில்லை. என் பெண் படித்தாள். இப்போது கலிபோர்னியாவில் சான் ரமோனில் இருக்கிறாள், கோச் யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. டீம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

பேரனைப் பார்த்துக்கொள்ள என் மனைவியும் அங்கேதான். சனிக்கிழமைகளில் வீட்டில் நானும் டிவியும்.

ஆபீஸ் பிரேக் ரூமில் ஒருநாள், முன்னேற நாலு தடவை தருகிறார்களே, நாலாவது தடவை ஏன் பந்தை உதைத்து எதிராளியிடமே கொடுத்துவிடுகிறார்கள் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பாண்டியனும் சிரித்தார். நான் சாப்பாட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

சாயங்காலம் பார்க்கிங் லாட்டில் பின்னாலேயே வந்தார்.

"எனக்கும் தெரியாதுவே. எல்லாவனும் சிரிச்சான், நானும் சிரிச்சேன்."

பிறகு லைப்ரரியில் புத்தகம் எடுத்து நானாகவே படித்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவருக்கு நான்தான் சொல்லித் தந்தேன். அதை அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு தடவை ஸ்டேடியத்துக்குப் போனோம். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைதான் கொண்டுவரலாம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. இவர் எலுமிச்சை சாதத்தை ஒரு பெரிய ஜிப்லாக் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார்.

கேட்டில் பைகளைச் சோதித்த அம்மா, வெளிச் சாப்பாடு கூடாது என்று குப்பைத் தொட்டியைக் காட்டினார்.

"நல்லாத் தெரியுதுல்லா, அப்புறம் என்னவாம்? சோத்தைக் குப்பையில போட மாட்டேன்வே. வாரும், சாப்பிடும்."

அந்த வெயிலில், கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு பேரும் அத்தனையையும் தின்று தீர்த்தோம். உள்ளே போவதற்குள் முதல் டச்டவுன் முடிந்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. மேட்ச்சுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கணிப்பு. முடிந்ததும், யார் சொன்னது தப்பாகப் போனதோ அவர்தான் போன் பண்ண வேண்டும். சரியாகச் சொன்னவர் வாயைத் திறக்கக் கூடாது, போன் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த சீசனில் முதல் இரண்டு மேட்ச்சும் சொத்தை டீம்களோடு. நாற்பது பாயின்ட், ஐம்பது பாயின்ட் என்று அடித்ததும் பார்க்கிறவர்கள் எல்லாரும் தலைகால் புரியாமல் ஆடினார்கள். இந்த வருஷம் பிளேஆஃப்தான் என்று பாண்டியனும் ஆடினார்.

நான் ஸ்கோரைப் பார்க்கிறவன் இல்லை. பந்தை எறிகிற பையன்தான் குவார்ட்டர்பேக்; அவனைக் காக்க முன்னால் நிற்கிற ஐந்து பேரை, அந்த லைனைப் பார்ப்பேன். இடது பக்கம் ஓட்டை. பையனுக்குக் கை நல்ல கை, ஆனால் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கிறான். கடைசி குவார்ட்டரில் டிஃபென்ஸ் மூச்சு வாங்குகிறது.

இதையே இங்கே, என் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினேன். அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்கள் யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவது மேட்ச்சுக்கு முன்னால் அவரிடம் சொன்னேன். "பாருங்க பாண்டியன், இந்த வாரம் அந்த லைன் உடையுமுங்க."

"உடையட்டும்வே. ஜெயிப்போம்லா? நீரு நாலு புஸ்தகத்தைப் படிச்சிட்டு கோச்சுக்கே பாடம் எடுப்பீரு போல."

சனிக்கிழமை லைன் உடைந்தது. பையனை ஐந்து தடவை கீழே தள்ளினார்கள். ஆனால் கடைசி நிமிடத்தில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஒரு ஃபீல்டு கோல் அடித்து ஜெயித்துவிட்டோம்.

நான் சொன்னது சரி. அதனால் அவர் கூப்பிடட்டும் என்று இருந்தேன். சனி சாயங்காலம் போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வரவில்லை. கணிப்பில் தோற்றதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையிலும் நான் கூப்பிடவில்லை.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கோமதி அம்மா அழவில்லை. காபி கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை பூரா போனை மடியிலயே வச்சிருந்தாங்க அண்ணாச்சி. நீங்களே பேசுனா என்னன்னு கேட்டேன். ஜெயிச்சாச்சுல்லா, அவருதான் கூப்பிடணும்னுட்டாங்க."

நானும் என் வீட்டில் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

கிச்சன் கவுன்டரில் அவர் போன் சார்ஜில் இருந்தது. "ஆஃப் பண்ண மனசு வரல அண்ணாச்சி, இருந்துட்டுப் போட்டும்" என்றார்.

செய்தி சொன்னபோது என் பெண், "அப்பா, யூ ஷுட் ஹாவ் ஜஸ்ட் கால்ட் ஹிம்" என்றாள். அவளுக்கு விதி தெரியாது.

பாண்டியன்... என் அபிப்பிராயம் மாறவில்லை. இடது பக்கம் ஓட்டைதான்.

நாளைக்குப் பதினோரு மணிக்கு மேட்ச், வெளியூரில். தோற்போம் என்பது என் கணிப்பு. எல்லாரும் பார்க்க இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஜெயித்துவிட்டால் நான் கூப்பிடுகிறேன்.

போய் வாங்க.