பத்தாவது ஆள்

முதல் நாளே பேச்சு வாங்கினேன். லண்டனில் யூதர்களின் செபாலயம் ஒன்றில் கெயார்டேக்கர் வேலை. கும்பிடுகிற இடமாயிற்றே என்று வாசலிலேயே சப்பாத்தையும் தொப்பியையும் கழற்றினேன். அங்கே தலைவராக இருந்த லேவி ஐயா பதறிக்கொண்டு வந்தார்.

"சப்பாத்தைப் போடும்! தொப்பியைக் கழட்டாதேயும்! இஞ்சை தலையை மூடித்தான் நிக்கவேணும்."

அவர் பேசியது ஆங்கிலம்; என் மனதில் நிற்பது எங்கள் தமிழில். எங்கள் தீவான வேலணையில் சட்டையையே கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

பொயிலர் போடுவது, கூட்டுவது, கதிரை அடுக்குவது என் வேலை. சுவரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்ன பல்ப். யாருடைய ஆண்டு நினைவு வருகிறதோ அந்தப் பல்பை நான் போடவேண்டும். சுவர் நிறையப் பெயர்கள், கூடத்தில்தான் ஆளில்லை. அங்கே வருகிற கிழவர்களின் தகப்பன்மார் கிழக்கு ஐரோப்பாவில் அடிபட்டு ஓடிவந்த தையற்காரர்களாம். ஒரு காலத்தில் நிற்கவும் இடம் இருக்காதாம். பிள்ளைகள் படித்தார்கள், டொக்டரானார்கள், வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். ஆட்கள் வெளியேறிப்போன தீவில் பிறந்த எனக்கு இந்தக் கதையை ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

லேவி ஐயாவின் மனைவி ஹானாவின் நினைவு நாள் வந்தது. பல்பைப் போட்டேன். அன்று சொல்லும் செபத்துக்கு வயது வந்த யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அது அவர்களின் சட்டம். பொழுதுபட முன் சொல்லவேண்டும். அவரோடு சேர்த்து ஒன்பது பேர்தான் இருந்தார்கள். மனுசன் போனுக்கு மேல் போன் எடுத்தார். ஒருவருக்கு முழங்கால் நோவு, மற்றவர் மகள் வீட்டில்.

"ஐயா, நான் நிக்கிறன்தானே?"

"நீர் நல்ல மனுசன். ஆனா கணக்கிலை சேக்கேலாது."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவரின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. ரோட்டுக்கு ஓடினேன். முன்பின் தெரியாதவர்களை மறித்து "நீங்கள் யூதரோ?" என்று கேட்டால் யார் நிற்பார்கள்? ஒருவன் தூசணத்தால் ஏசினான். பஸ் தரிப்பில் தாடிக்கார இளைஞன் ஒருவனைக் கேட்டேன்.

"நான் முஸ்லிம், அண்ணை. வேணுமெண்டால் வந்து நிக்கிறன்."

"உம்மையும் சேக்கமாட்டினம், தம்பி."

வெறுங்கையோடு திரும்பினேன். பொழுது பட்டுவிட்டது. மற்றவர்கள் லேவி ஐயாவின் கையைப் பிடித்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அவர் அந்தச் செபத்தைச் சொல்லவில்லை. மூடிய புத்தகத்தோடு பல்புக்கு நேரே கதிரையில் இருந்தார். நான் கதவு பூட்டும் திறப்புக் கோர்வையோடு நின்றேன்.

"பூட்டவேணுமோ?"

"அவசரமில்லை, ஐயா."

"அப்ப இதிலை இரும்."

"நான் கணக்கில்லையே?"

"கணக்கில்லை. இரும்."

இருந்தேன். "அவ இருந்தால், சூப் ஆறுது வாங்கோ எண்டு இந்த நேரத்துக்குக் கத்தியிருப்பா" என்றார். பிறகு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

பிறகு அந்தக் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். நான் வேலணைக்கு வந்துவிட்டேன். தனியாகத்தான் இருக்கிறேன். என் சின்ன ஒழுங்கையில் இரண்டு பக்கமும் பாதி வீடுகளுக்குப் பூட்டு. இங்கிருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: உங்களைக் கணக்கில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஆளில்லாத இடத்தில் போய் இருங்கள்.

போன மாதம் ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு செத்தவீடு. பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். போனில் பார்த்து அழுதார்கள். பந்தலில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. போய் இருந்தேன்.

"அண்ணை, நீங்கள் அவருக்கு என்ன முறை?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒரு முறையுமில்லை. இருக்க வந்தனான்."

எல்லாம் முடிந்தது. செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. பேசாமல் எழும்பினேன். இறந்தவரின் மனைவி உள்ளேயிருந்து பார்த்துவிட்டார்.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் இருங்கோவன்."