வெள்ளிக்கிழமை வெளியே வைத்த உரல்

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் அந்த உரல் கடையின் சமையலறைக்குள் இருக்காது. பின்பக்க யன்னலின் வெளிக்கல்லில், வாயின் மேல் ஒரு சூப்புத் தட்டைக் கவிழ்த்தபடி, முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும். இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய வெள்ளைச் சலவைக்கல் உரல். மற்ற நாட்களில் அதற்குள் பிஸ்தாப் பருப்பும் உள்ளியும் ஒலிவ் எண்ணெயும் இடிபட்டுப் பச்சைக் களியாகும். அந்தக் களியில் பிரட்டிய பாஸ்தாவுக்காகவே பலர் அந்தக் கடையைத் தேடி வந்தார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் உரல் வெளியே நின்றது. காரணம் என் மகள்.

இத்தாலியின் பலெர்மோவில், ஒரேத்தோப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருந்த அந்தக் கடை பாதி பப், பாதி சாப்பாட்டுக்கடை. மர வாங்குகள், சுவரில் எந்நேரமும் கால்பந்து ஓடும் தொலைக்காட்சி, குழாயிலிருந்து இறங்கும் பியர், கடலை மாவில் பொரித்த பனெல்லே. வெள்ளிக்கிழமை என்றால் பக்கத்துக் கராஜ்காரர் கை கழுவிய ஈரத்தோடு வருவார்கள். மருந்துக்கடைக்காரி தன் தாயைக் கைபிடித்து அழைத்து வருவாள். பிள்ளைகள் மேசைகளுக்குக் கீழே ஓடுவார்கள். பலெர்மோ பெரிய நகரம்தான். ஆனால் வெள்ளிக்கிழமைப் பின்னேரம் அந்தத் தெரு எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு சின்ன ஊராகிவிடும். மன்னாரில் நான் கணிதம் படிப்பித்தவன். இங்கே கிழமை நாட்களில் வீடுகள் துப்புரவாக்கினேன். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கடையில் மரக்கறி வெட்டினேன், தட்டுக் கழுவினேன். கடைக்குச் சொந்தக்காரியை நாங்களும் வாடிக்கையாளர்களும் சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்றுதான் அழைத்தோம். நான் வாத்தியார் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நான் ‘புரொபெஸோரே’. “புரொபெஸோரே, கத்தரிக்காயை வட்டமாய் வெட்டச் சொன்னன். நீ என்ன, முக்கோணம் படிப்பிக்கிறியோ?” அவர் பேசியது தடித்த பலெர்மோப் பேச்சு. இத்தனை வருடங்களுக்குப் பிறகு என் காதில் அது எங்கள் தமிழிலேயே கேட்கிறது.

பின்னேரங்களில் என் மனைவி ஒரு முதிய பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போவாள். அதனால் ஐந்து வயது மகளை நான் கூட்டிக்கொண்டு போவேன். சமையலறை வாசலை ஒட்டிய சின்ன மேசையில் அவள் படம் கீறுவாள். வேலை முடிந்ததும் தாய் வந்து அழைத்துப் போவாள். தொடக்கத்தில் ஒருநாள் யாரோ கொடுத்த பாண் துண்டை மகள் தின்றாள். அதன் ஓரத்தில் பிஸ்தாக் களி கொஞ்சம் ஒட்டியிருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது உதடுகள் தடித்து, கண்கள் மூடுண்டு, மூச்சு விசிலடித்தது. நான் அசையாமல் நின்றேன். சிஞ்ஞோராதான் ஏப்ரனோடு பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார். வழி முழுக்கக் கையை ஹார்ணிலேயே வைத்திருந்தார். பிஸ்தா, பாதாம் என்று எந்தக் கொட்டைப் பருப்பும் அவளுக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனபோது உரல் வெளியே இருந்தது. வெட்டுப்பலகைகள் எல்லாம் கழுவித் தேய்த்து வெயிலில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. கடையின் பேர்போன சாப்பாடு வெள்ளிக்கிழமைகளில் நின்றுபோனது. “வெள்ளிக்கிழமையாப் பார்த்துப் பிஸ்தா இல்லையோ?” என்று கராஜ்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். “பிஸ்தா வேணுமெண்டால் புரோந்தேக்குப் போ. அங்கை மரத்திலை காய்க்குது. இஞ்சை பிள்ளை இருக்குது” என்றார் சிஞ்ஞோரா. அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே கத்தரிக்காய்ப் பாஸ்தா கேட்டார். பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார்.

உரலை வெளியே வைத்ததோடு அவர் நிற்கவில்லை. சிஞ்ஞோரா பல்லரோ சந்தையில் மீன் விற்ற குடும்பத்தில் பிறந்தவர். மகளின் தட்டைக் கொண்டுவரும்போது சந்தையில் கூவுவது போலவே கூவுவார். “கத்தரிக்காய் இருக்கு! தக்காளி இருக்கு! ரிக்கொத்தாப் பாற்கட்டி இருக்கு! பருப்பு இல்லை, பிஸ்தா இல்லை, பாதாம் இல்லை!” கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். சிலர் கைதட்டுவார்கள். மகளுக்கு அப்போது அது பெருமை. தானும் சேர்ந்து கத்துவாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. நோயை ஊருக்கெல்லாம் சொல்லி வளர்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதுவும் பெண்பிள்ளை. ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: “இவளை ஊருக்குத் தெரியாமல் ஒளிச்சு வைக்கேலாது, புரொபெஸோரே. இவளைப் பற்றி ஊருக்குச் சொல்லி வைக்கலாம். அவ்வளவுதான் எங்களாலை ஏலும்.”

அவரைக் குழப்பிய விஷயம் வேறொன்று இருந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டோம். தவக்காலத்தில் மட்டுமல்ல, வருடம் முழுக்க. என் மனைவியின் தாய்வீட்டு வழக்கம் அது. கடல் கடந்தும் அவள் விடவில்லை. “நான் ஞானஸ்நானம் வாங்கினவள், எனக்கே இந்தச் சட்டம் தெரியாது. இறைச்சியும் இல்லை, பிஸ்தாவும் இல்லை. இந்தப் பிள்ளை காத்தையோ தின்னுது?” என்று சிஞ்ஞோரா தலையில் கைவைப்பார். ஆனாலும் மகளின் தட்டில் ஒரு நாளும் இறைச்சிச் சாறு பட்டதில்லை. அவளுக்கென்று தனிக் கரண்டி இருந்தது.

மகள் வளர வளர அந்தக் கூவலுக்கு வெட்கப்பட்டாள். பன்னிரண்டு வயதில் தட்டைக் கண்டதுமே மேசையில் முகத்தைக் கவிழ்ப்பாள். பிறகு கடைக்கு வருவதையே விட்டாள். சிஞ்ஞோராவின் முழங்கால்கள் தளர்ந்தன, கடையை மூடினார், இரண்டு குளிர்காலங்களுக்கு முன் காலமானார். அடக்கத்துக்கு மகளையும் அழைத்துப் போனேன். அவள் அழவில்லை. பூசை முடியும்வரை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்குப் பதினேழு. வெள்ளிக்கிழமைகளில் சிநேகிதிகளோடு நடுநகரத்தில் இருக்கும் பப்களுக்குப் போகத் தொடங்கினாள். பியர் குடிப்பதில்லை என்றாள், நம்பினேன். ஆனால் இறைச்சிப் பேர்கர்தான் தின்கிறாள் என்று நானும் மனைவியும் முடிவு கட்டியிருந்தோம். “அங்கை போய் என்னத்தைத் திண்டாலும் எங்களுக்கென்ன தெரியும்? வெள்ளிக்கிழமை எண்ட நினைப்பும் இல்லை” என்று மனைவி அவளுக்குக் கேட்கும்படி அலுத்துக்கொள்வாள். மகள் பதில் சொல்லாமல் சப்பாத்துப் போடுவாள். அதை அவள் ஒப்புக்கொள்வதாகவே நான் எடுத்தேன்.

போன வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுதுபட முன், அவளுடைய சிநேகிதியிடமிருந்து தொலைபேசி வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது மட்டும்தான் என் தலைக்குள் ஏறியது. நாங்கள் போனபோது மகளின் முகத்தில் ஒக்சிசன் மூடி இருந்தது; அதற்கு மேலே தடித்துப்போன கண்ணிமைகள். ஐந்து வயதில் பார்த்த அதே முகம். ஆபத்து நீங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னார்.

நடந்ததை அந்தச் சிநேகிதி ஆஸ்பத்திரி விறாந்தையில் விம்மி விம்மிச் சொன்னாள். எல்லோரும் பேர்கர் எடுத்தார்கள். மகள் மட்டும், இறைச்சி இல்லாதது அது ஒன்றுதான் என்று, மரக்கறி வைத்த பாண் எடுத்தாள். உள்ளே பச்சைக் களி. துளசி இலைக் களி என்று நினைத்திருக்கிறாள். மேசையில் ஒட்டியிருந்த குறியீட்டைத் தொலைபேசியால் படம் பிடித்தால் சாப்பாட்டு விபரம் வரும். அதில் ‘பச்சைச் சோஸ்’ என்று மட்டுமே இருந்ததாம். பரிமாறியவனைக் கூப்பிட்டுக் கேட்க அவளுக்கு வெட்கம். வேறு ஒரு மேசையில் அவளோடு படிக்கும் பெடியன்கள் இருந்தார்கள். மூச்சு அடைத்தால் உடனே குத்திக்கொள்ள வேண்டிய அவசர ஊசி பள்ளிக்கூடப் பையோடு வீட்டில் கிடந்தது.

“ஏன் அவள் இறைச்சி எடுக்கேல்லை?” என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “வெள்ளிக்கிழமை அவள் ஒருநாளும் எடுக்கிறேல்லையே. நாங்கள் அவளை மோனக்கா எண்டு பகிடி பண்ணுறனாங்கள்.” மோனக்கா என்றால் கன்னியாஸ்திரி. மனைவி திரும்பி மகளிடம் போனாள்.

அதன்பின் வீடு களைத்துப்போனது. சண்டை போடவும் எங்களுக்குத் தெம்பில்லை. “இனி ஒரு இடமும் வேண்டாம். படிப்பு முடியட்டும்” என்றாள் மனைவி. மகள் என்னைப் பார்த்தாள். “அப்பா, நான் எல்லா வெள்ளிக்கிழமையும் வீட்டுக்குள்ளையே இருக்கிறதோ? எத்தினை வயசு மட்டும்?” இரவில் அவள் இருமினால் எழுந்து உட்காருகிறேன். சமையலறை அலுமாரியைத் திறந்து திறந்து பெட்டிகளின் பின்பக்கத்தை வாசிக்கிறேன். ஊரில் இருக்கும் எல்லாச் சமையலறைகளுக்கும் நான் காவல் நிற்க முடியுமா? உரலை வெளியே எடுத்து வைக்க அந்தச் சிஞ்ஞோராவும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை அவளைப் போக விட்டேன். “உங்கடை பொறுப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவி செபமாலையை எடுத்தாள். ஊசி கைப்பையில் இருக்கிறதா என்று நானே திறந்து பார்த்தேன். பஸ் தரிப்புவரை கூட நடந்தேன். பஸ்ஸில் ஏறும்போது அவள், “வீட்டை போய்ப் படுங்கோ அப்பா” என்றாள். “ஓம், போறன்” என்றேன்.

போகவில்லை. கால்கள் பழைய கடையின் பின்முற்றத்துக்கு வந்து நின்றன. இப்போது அது தொலைபேசி திருத்தும் கடை. யன்னலுக்குக் கம்பி அடித்திருக்கிறார்கள். வெளிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. மழையும் புகையும் கறுப்பாக்கிய கல்லின் நடுவில், வெள்ளிக்கிழமை தோறும் உரல் உரசித் தேய்ந்த இடம் வட்டமாக வெளுத்துக் கிடக்கிறது. அதில் கையை வைத்தேன். வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

அப்போது தொலைபேசியில் மகளின் குரல்பதிவு ஒன்று வந்தது. முதலில் இரைச்சல், கிளாஸ்கள், சிரிப்பு. பிறகு அவள் குரல், பலெர்மோக்காரரின் இழுவையோடு, முழுக் கடைக்கும் கேட்கும்படி: “ஸ்கூஸி! எனக்குப் பிஸ்தா ஆகாது, பாதாம் ஆகாது, ஒரு பருப்பும் ஆகாது! திண்டால் செத்துப்போவன்! உள்ளை போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ!” ஒரு இளைஞனின் குரல்: “ஏன் இந்தக் கத்து? இது என்ன பல்லரோவோ?” சிநேகிதிகள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். சத்தம் கொஞ்சம் தள்ளிப்போனது. தொலைபேசியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து தமிழில் சொன்னாள்:

“கேட்டதோ? இனியாவது வீட்டை போங்கோ அப்பா.”

நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? “ஓம்” என்று எழுதி அனுப்பினேன். பதிவை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அவள் திரும்பி வரும் பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. கையை அந்த வெள்ளை வட்டத்திலிருந்து எடுக்காமல் நின்றேன்.