சுவரில் ஒரு சாண் முகம்

கூட்டங்களுக்கு மல்ரிமீடியா பூட்டிக் கொடுக்கிற தொழிலில் மிசின் நடுங்கி நான் பார்த்ததில்லை. முதல்முறை பேச வருகிற ஆள்தான் நடுங்குவார். சுவரில் படம் விழுத்துகிற பெட்டியை எங்கள் பக்கத்தில் மல்ரிமீடியா என்றுதான் சொல்வோம். முல்லைத்தீவுப் பக்கம் சங்கம், கழகம் என்று எங்கே கூட்டம் நடந்தாலும், முதல்நாளே போய்ப் பேசுகிறவருக்குப் பழக்கிக் கொடுப்பது என் தலையில்தான் விழும். இதே தொழிலில் பாடுபடுகிறவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சின்னதாய் இரண்டு கதையைச் சொல்லிவிட்டு, மனதை விட்டுப் போகாத மரியபுஷ்பம் அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

வெள்ளைச் சேட்டு

உடையார்கட்டில் கமக்காரர் கூட்டம். நெல்லைத் தின்கிற பூச்சிகளைப் பற்றிப் பேச வந்த, தானும் வயல் செய்கிற ஐயா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நேரே வெளிச்சத்துக்கு நடுவில் போய் நின்றார். சுவரில் விழ வேண்டிய பூச்சியெல்லாம் அவருடைய நெஞ்சில் ஊர்ந்தது. சனம் சிரித்தது. விலகி நில்லுங்கோ என்று முதல்நாள் படித்துப் படித்துச் சொன்னவன் நான். எனக்குக் கோபம் வந்தது. "ஐயா, கொஞ்சம் அங்கால!" என்று கத்தினேன். அவர் குனிந்து சேட்டைப் பார்த்தார்.

"மூண்டு போகமா எனக்கு மேலதான் நிக்குது தம்பி. இண்டைக்கு மட்டும் ஏன் விலகோணும்?"

நாற்பது படம்

தண்ணீரூற்றில் முதியோர் சங்கம். தன் குடும்பத்தைப் பற்றிப் பேசவிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் நாற்பது படங்களோடு வந்தார். மகள் கனடாவில், மகன் லண்டனில், பேரப்பிள்ளைகள் பனிக்குள். ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தோம். ஒன்றில்கூட அவர் இல்லை. "உங்கட படம் ஒண்டு போடுவம் ஐயா, ஆரின்ர குடும்பமெண்டு சனத்துக்குத் தெரிய வேணுமெல்லே" என்று பகிடியாகத்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படம் எடுக்கிற ஆக்களெல்லாம் அங்க. என்னை எடுக்க இஞ்ச ஆர் இருக்கினம்?"

அடையாள அட்டைப் படம்

மரியபுஷ்பம் அம்மா கடற்கரைப் பக்கம். கணவரும் தவறிவிட்டார், வீட்டில் தனி ஆள். அவருடைய மாதர் சங்கத்தில் மாதம் ஒருவர் எழுந்து தன் வீட்டாரைப் பற்றிப் பேச வேண்டும். எத்தனையோ மாதம் தட்டிக் கழித்துவிட்டு, கடைசிச் சண்டையில் காணாமல் போன மகன் அன்ரனைப் பற்றிப் பேசுவதாக இந்த முறை ஒப்புக்கொண்டிருந்தார். விசாரணை என்று எத்தனை கந்தோரில், எத்தனை அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறார்! பக்கத்து வீட்டுச் சனத்துக்கு முன்னால்தான் சொன்னதில்லை.

கைப்பைக்குள்ளிருந்து, பொலித்தீனில் சுற்றிய படத்தை எடுத்தார். அடையாள அட்டைக்கு எடுத்தது, பெருவிரல் அளவு. வீடு, அலுமாரி, அல்பம் எல்லாம் போய் மிஞ்சியது இது ஒன்றுதான். என் போனில் ஒரு பிரதி எடுத்துவிட்டு உடனே தருகிறேன் என்று கையை நீட்டினேன். அம்மா கொடுக்கவில்லை.

"நான் பிடிச்சுக்கொண்டிருக்கிறன் தம்பி. நீங்கள் அப்பிடியே எடுங்கோ."

ஒரு சாண்

எதையும் பெரிதாய் விழுத்திக் காட்டுவேன் என்று எனக்கொரு தலைக்கனம் உண்டு. மண்டபத்துச் சுவர் முழுவதும் அன்ரனின் முகத்தைப் போட்டேன். கண் ஒன்றே கதிரை அளவு வந்தது. "ஐயோ, இது அவனில்லைத் தம்பி. சின்னனாக்குங்கோ" என்றார் அம்மா.

பின்வரிசைக்குத் தெரியாது என்று வாதாடினேன். அவர் எழுந்து போய்ச் சுவரில் கையை விரித்து வைத்தார். நாடியிலிருந்து நெற்றிவரை அவன் முகம் தன் கையால் ஒரு சாண் என்றார். குளித்துவிட்டு வரும்போது பிடித்துத் துவட்டிவிட்ட கணக்கு. மிசின் வைத்த மேசையைச் சுவருக்குக் கிட்ட இழுத்தேன், படத்தைச் சுருக்கினேன், திரும்பவும் இழுத்தேன். முகம் அந்தக் கைக்குள் அடங்கியதும் வேலை முடிந்தது என்று நிமிர்ந்தேன். முடியவில்லை. மிசினுக்குக் கீழே கல் வைத்து இன்னும் உயர்த்தச் சொன்னார்.

"என்னைவிட வளந்தவன். நான் அண்ணாந்துதான் அவனோட கதைக்கிறனான்."

கூட்டம்

அடுத்த நாள் பிற்பகல் முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். படம் தெரியவில்லை என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். நான் சொன்னேனே என்பது போல அம்மாவைப் பார்த்தேன். அதற்குள் எல்லோரும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்துவிட்டார்கள். இடம் போதாதவர்கள் நிலத்தில் இருந்தார்கள்.

அம்மா அவனைப் பார்த்துத்தான் பேசினார். சண்டைக்குள் கஞ்சி வாங்கிக்கொண்டு வாறன் என்று அவன் போனதைச் சொன்னார். அவன் கொண்டுபோன பாத்திரத்தை வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்ததைச் சொன்னார். அந்தப் பாத்திரத்தில் கஞ்சி இருந்ததையும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வயரைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. தலைவி நன்றி சொன்னார், தேநீர் வந்தது. மிசினை நிற்பாட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"நான் வெளியில போனாப்பிறகு நிப்பாட்டுங்கோ தம்பி."

மிசினை எப்படிப் போடுவது, எப்படி நிற்பாட்டுவது என்று ஊருக்கெல்லாம் பழக்குகிற எனக்கு, அம்மா போன பிறகும் அதை நிற்பாட்ட அன்றைக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.