தமிழில் வந்த அவதி

நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் எழும்பாது. பள்ளிக்கூடக் கூட்டமென்றால் கடைசி பெஞ்சில் இருந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். வாட்ஸப்பில் கதை வேறு. பெற்றோர் குரூப்பில் எந்தச் செய்தியையும் முதலில் போடுவது நான்தான். பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அப்படி ஒரு பவுசு.

போன மழையில் ஒருநாள் காலை, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா ஒன்றை அனுப்பினாள்: 'கனமழை. பள்ளிகளுக்கு இன்று விடுமுறை. ஆட்சியர் அறிவிப்பு.' வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. உடனே குரூப்பில் போட்டேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அன்று வகுப்பில் ஆளுக்கொன்று செய்து காட்டி, அறிவியல் மேளாவுக்குத் தேர்ந்தெடுக்கும் நாள். பத்து நாளாக ஒரு மழைத்தண்ணீர் வடிகட்டி செய்து வைத்திருந்தாள்.

"இன்னிக்கு லீவாக்கும். கெடந்து ஒறங்கு மக்கா."

பத்து மணிக்கு எழுந்து போனைப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நம்ம கலெக்டர் தமிழ்லயா அவதி தருவாரு?"

இங்கே கேரளத்தில் விடுமுறைக்கு அவதி என்றுதான் பேர். அறிவிப்பு மலையாளத்தில் வரும். அக்கா அனுப்பியது பொய்யில்லை, குமரி மாவட்டத்துக்கு உள்ளது. எங்கள் வீட்டிலிருந்து அந்த மாவட்டத்துக்கு நடந்தே போகலாம். லீவு மட்டும் நடந்து வராது.

"யாரு அனுப்பினது, என்னைக்கு உள்ளது, எந்த எடத்துக்குன்னு பாக்கணும். கிளாஸ்ல சொல்லித் தந்ததை உனக்கு சொன்னேன்லா?"

சொல்லியிருந்தாள். அப்போதும் எதையோ ஃபார்வேர்டு பண்ணிக்கொண்டுதான் தலையாட்டினேன்.

என் புண்ணியத்தில் இவளையும் சேர்த்து ஏழு பிள்ளைகள் அன்று பள்ளிக்குப் போகவில்லை. "நீயே டீச்சர்ட்ட வந்து சொல்லணும்" என்று மகள் அழுதாள். மறுநாள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனேன். அந்தச் செய்தியை எடுத்துப் போனை நீட்டினேன். படித்துவிட்டு டீச்சர் சிரித்த சிரிப்பு ஆபீஸ் வரை கேட்டிருக்கும்.

"சேச்சி, வெள்ளிக்கிழமை ஏழு பேரும் செய்ததைக் கொண்டுவந்து காட்டட்டும். அன்னிக்கு பெற்றோர் கூட்டமும் உண்டு. இந்த லீவு கதையை நீங்களே எழும்பிச் சொல்லணும்."

சொன்னேன். நாலே வாக்கியம். முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டாள்: "அப்போ திங்கக்கிழமை கிளாஸ் உண்டா, இல்லையா?"

வடிகட்டி தேர்வாகிவிட்டது. நானும்தான். அடுத்த கூட்டத்திலும் நானே பேச வேண்டுமாம்.