பாதி இறக்கிய ஷட்டர்

காயில் அக்காவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கட்டுவது அவள் தொழில்; பெயரும் அதனால் வந்ததுதான். கட்டும்போது மட்டும் கை நிதானமாக இருக்கும். மற்ற நேரமெல்லாம் எதையாவது குடைந்துகொண்டே இருக்கும். பல வருஷம் ஒரு முதலாளியிடம் வேலை செய்தாள். ஊரே அவள் கைக்காகத்தான் வந்தது, ஆனால் போர்டில் முதலாளியின் பெயர். அது அவளை உறுத்தியது. தன் பெயரில் ஒரு போர்டு மாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இது ஒரு பெரிய ஆசையா?

அவள் நாட்டில் அது பெரிய ஆசைதான். லைசென்ஸ் ஆபீசில், "கடைக்குக் கரெண்ட் கனெக்‌ஷன் இருக்கா?" என்றார்கள். கரெண்ட் ஆபீசுக்குப் போனால், "கடைக்கு லைசென்ஸ் இருக்கா?" என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் நடந்து நடந்து அவள் செருப்புத் தேய்ந்தது. லைசென்ஸ் அதிகாரி ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை. சிரித்த முகமாகவே, "அடுத்த வாரம் வாங்கம்மா" என்பார். அடுத்த வாரம் போனால் சட்டம் மாறியிருக்கும்.

"ஏன்க்கா அங்க கிடந்து அல்லாடுற? இங்க வந்துடு," என்று வெளிநாட்டில் இருந்த தம்பி ஃபோனில் கூப்பிட்டான். மகளை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வீம்பாக விமானம் ஏறிவிட்டாள்.

அங்கே தம்பி கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தான். அவள் கையிலிருந்த காபி ஆறுவதற்குள் கடை பதிவாகிவிட்டது. "அட, இவ்வளவுதானாடா!" என்று வாயைப் பிளந்தாள். போர்டையும் மாட்டி, பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள்.

போர்டு இருந்து என்ன? ஈ காக்கா வரவில்லை. அந்த ஊரில் ஃபேன் நின்றுவிட்டால் தூக்கி வாசலில் வைத்துவிட்டுப் புதுசு வாங்கிவிடுவார்கள். புதுசு அவ்வளவு மலிவு. காயில் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவோரம் கிடந்த ஃபேனையெல்லாம் தூக்கிவந்து கட்டி, ஓடவிட்டாள். தம்பி வீட்டுக் கூடத்தில் ஜன்னல் திரை ஒரு நிமிஷம் சும்மா தொங்கவில்லை.

"அண்ணி, நடக்க இடமில்ல. மறுபடி வெளிய வச்சுடலாமா?" என்று தம்பி மனைவி மூக்கால் அழுதாள்.

"நல்லா ஓடுறதை எப்படிம்மா வெளிய வைக்கிறது?" என்று கேட்டவள், அந்த மாசமே மூட்டையைக் கட்டினாள்.

திரும்பி வந்தால் சொந்த நாட்டில் கூத்து வேறு மாதிரி. வெளியிலிருந்து சாமான் வருவதையே நிறுத்தியிருந்தார்கள். கடையில் புது ஃபேன் இல்லை, பம்பு இல்லை. பழசு எரிந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். வேலை கொட்டிக் கிடந்தது. லைசென்ஸ் மட்டும் இன்னும் அடுத்த வாரத்திலேயே இருந்தது.

"முதலாளிகிட்டயே போயேன். எதுக்கு வம்பு?" என்றார் பஸ் ஓட்டும் வீட்டுக்காரர்.

"நீங்க வேற, சும்மா இருங்க," என்று சொல்லிவிட்டு, முன்னறைக்கு ஷட்டர் போட்டு வீட்டுக் கரெண்டிலேயே வேலையைத் தொடங்கிவிட்டாள். ஷட்டர் எப்போதும் பாதி இறங்கியிருக்கும். ஆட்கள் பின்கட்டு வழியாக வருவார்கள். தன் பெயரில் புதுசாக எழுதி வாங்கிய போர்டு கட்டிலுக்கு அடியில் போர்வை சுற்றிக் கிடந்தது. தெருவில் ஏதாவது ஜீப் நின்றால் போதும், ஷட்டரைத் தடாலென்று இழுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பாள். சொந்தத் தொழில் பண்ணுகிறோமா திருட்டுத் தொழில் பண்ணுகிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாவம், வேறென்ன செய்வாள்!

ஒரு மத்தியானம் பின்கதவைத் தட்டிக்கொண்டு, தோளில் சாக்குமூட்டையோடு லைசென்ஸ் அதிகாரியே வந்து நின்றார். அவளுக்கு உயிரே போய்விட்டது.

"பயப்படாதீங்கம்மா. வீட்டுல பம்பு மோட்டார் எரிஞ்சுபோச்சு. சொட்டுத் தண்ணி இல்ல. எல்லாரும் உங்களைத்தான் சொல்றாங்க," என்றார்.

'அடுத்த வாரம் வாங்க சார்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் பாழாய்ப்போன கை அதற்குள் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்திருந்தது. அவர் ஒரு ஸ்டூலில் ஒடுங்கி உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் மோட்டார் புதுசு மாதிரி ஓடியது.

அதிகாரி அதைச் சாக்கில் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில், "கியாரண்டி உண்டுல்லம்மா?" என்றார்.

காயில் அக்காவுக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷத்துக் கோபமும் சேர்ந்து வந்தது.

"கடை இருந்தாத்தானே சார் கியாரண்டி?"

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பின்கதவுப் பக்கம் நகர்ந்தார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"அந்தப் பக்கம் வேணாம் சார்," என்றவள், போய் ஷட்டரை ஒரே தள்ளில் உச்சிவரைக்கும் ஏற்றினாள். வெளிச்சம் உள்ளே கொட்டியது. எதிர்த்தாப்பில் பஸ்ஸுக்கு நின்ற சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "கியாரண்டி வேணும்னா வாசல் வழியாப் போங்க."

தோளில் மோட்டாரோடு அவர் நின்றார், தெருவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மோட்டார் மறுபடி எரிந்தால் இவளிடம்தான் வர வேண்டும் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். குனிந்த தலையோடு வாசல் வழியாகவே இறங்கிப் போனார்.

அவர் முதுகு தெருமுனை திரும்புவதற்குள் காயில் அக்கா உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள்.