வாசலில் மஞ்சள் மூங்கில்

வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிபோனபோது என் மகளுக்குப் பதினொரு வயது. எதிர் வீட்டு மாடியில் நான்கு கல்லூரிப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே எங்கள் வீட்டைப் பார்ப்பார்கள். எதிரில் எங்கள் வீடு இருக்கும்போது வேறு எதைப் பார்ப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. மகள் படிக்கிற மேசை ஜன்னலோரம் இருந்தது. என் தூக்கம் கெட அது போதும்.

மதிலை உயர்த்தலாம் என்றேன். "ஜெயில் மாதிரி இருக்கும்" என்றாள் மனைவி. அந்த நேரத்தில்தான் ஓர் அதிகாரியின் பங்களாவுக்கு ஃபைல் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் மஞ்சள் மூங்கில் வரிசை. மஞ்சள் தண்டில் பச்சைக் கோடுகள். பின்னால் இருந்த பங்களா கண்ணுக்கே தெரியவில்லை. எனக்கு வேண்டியது அதுதான். அதோடு, பெரிய அதிகாரி வீட்டில் இருப்பது நம் வீட்டிலும் இருந்தால் நல்லதுதானே.

நர்சரிக்காரர் தெளிவாகச் சொன்னார்: "இது அழகு மூங்கில் சார். முள்ளு கிடையாது, பாம்பு அண்டாது. பன்னெண்டு அடிக்கு மேல போவவே போவாது."

அது அவர் கொடுத்த வாக்கு. மூங்கில் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் அது மொட்டை மாடியைத் தாண்டியது. சருகு வாசலில் இருந்த தண்ணீர் சம்ப்பில் விழுந்தது. குருத்தின் சுணை பட்டு மனைவிக்குக் கையெல்லாம் தடித்தது.

"அப்பா, பட்டப்பகல்ல லைட் போட்டுப் படிக்கணுமா?" என்றாள் மகள்.

"ஜாஸ்தி வெளிச்சம் கண்ணுக்கு ஆவாது" என்றேன். நான் பட்டதாரி.

எங்கள் தெரு முனை வீட்டில் ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். குள்ளமான மனிதர், வாய் மட்டும் நீளம். தினமும் நடைப்பயிற்சியின்போது எங்கள் கேட்டருகே நின்றுவிடுவார்.

"ஏன் சார், அவனவன் வாசல்ல ரோஜா வெக்கிறான். நீங்க பாடையை நட்டு வெச்சிருக்கீங்க?"

"இது அழகுக்கு வெக்கிறது சார். பாடைக்குக் கட்டறது வேற."

"மஞ்சளா இருந்தா இன்னா? நாலு பேரு தூக்கறப்ப எல்லாம் ஒண்ணுதான்."

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, அடுத்த மாதமே பின் தெருவில் ஒரு சாவு. ஆபீஸுக்குக் கிளம்பும்போது இரண்டு பேர் வந்து நின்றார்கள். "கோச்சிக்காதீங்க சார். டவுனுக்குப் போய் மூங்கில் எடுத்தார நேரமில்ல. ரெண்டு கழி போதும்." சாவு வீட்டுக்கு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? பணமும் வாங்க முடியாது. அன்று போன பெரியவர் மஞ்சளும் பச்சையுமாக, அதிகாரி பங்களாவின் தோரணையோடு போனார். பார்த்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. அதன்பிறகு அக்கம்பக்கத்து நகர்களில் யார் போனாலும் முதல் சேதி எனக்குத்தான். காலையில் கேட் சத்தம் கேட்டாலே இன்றைக்கு யாரோ என்று எட்டிப் பார்ப்பேன். கடைசியில், பெரிய புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு, கேட் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "இனிமே என்னைக் கேக்க வேணாங்க. யாருக்கு வேணுமோ தொறந்து விடுங்க, வெட்டிக்கட்டும்."

மகளுக்குப் பதினாலு நடந்துகொண்டிருந்தபோது காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில், டெங்கு என்றார்கள். ரத்தம் தேவைப்படலாம், ஆளைத் தயாராக வையுங்கள் என்றார் டாக்டர். அவள் வகை ரத்தம் கீழ்பென்னாத்தூரில் இருந்த என் மைத்துனனுக்கு. மனைவியை அவளிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். "நீங்க போங்க மாமா, மடையைத் திருப்பிட்டு பின்னாடியே வண்டில வந்துடறேன்" என்றான். அப்போது என்னிடம் செல்போன் கிடையாது. அவசரம் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து பக்கத்து வீட்டுக்குத்தான் போன் வரும்.

சட்டை மாற்றிக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்கு வந்தேன். கேட் திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேர் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாவியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

வெட்டுகிறவன் கழியைத் தரையில் போட்டு அளந்தான். "பாடி சின்னதுதான்டா. இவ்ளோ நீளம் இன்னாத்துக்கு?"

யாருக்கு என்று கேட்க வேண்டும். சம்ப் மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மகளின் பள்ளிச் சீருடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று கழியையே பார்த்தேன்.

"சார்... சார்! மொனை வீட்டு ரிடையர்டு சாருங்க. காலைல நெஞ்சு வலின்னாரு, பூட்டாரு. கேக்க வேணாம்னு நீங்கதானே..." என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

நான் சிரித்தேன். சின்னதாக அல்ல. கைதட்டிச் சிரித்தேன். அழுகையும் கூடவே வந்தது, ஆனால் சத்தம் சிரிப்பினுடையதுதான். இறந்தவரின் மகன் கேட்டுக்கு வெளியே கழிக்காகக் காத்து நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசினால் நான் என்ன சொல்வது? செத்தது உங்கள் அப்பா என்று தெரிந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் என்றா?

மகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அந்த வாரமே கொசு ஒழிக்கும் பெண் ஒருவர் டார்ச்சோடு வந்தார். தொட்டியைப் பார்த்தார், பூச்சட்டியைப் பார்த்தார். பிறகு மூங்கில் புதருக்குள் குனிந்து, வெட்டி விட்ட அடிக்கட்டைகளுக்குள் வெளிச்சம் அடித்தார்.

"வந்து பாருங்க சார், உங்க பண்ணையை."

ஒவ்வொரு கட்டையிலும் மழைத்தண்ணீர். ஒவ்வொன்றிலும் புழுக்கள் நெளிந்தன. ஊர்ப் பிணங்களுக்கெல்லாம் நான் தானம் கொடுத்த மிச்சம். நான்கு பையன்களின் கண்ணிலிருந்து மகளை மறைத்த வேலிக்குள்தான் கொசுவுக்கு நாற்பது தொட்டி கட்டி வைத்திருந்தேன். அந்தப் பையன்களோ அதற்கு ஒரு வருஷம் முன்பே காலி செய்துவிட்டிருந்தார்கள். மூங்கில் மறைத்ததில் அதுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே ஜேசிபி வைத்துத் தோண்டினேன். மதிலில் பாதி அதோடு போயிற்று. கிழங்கு முழுதாகப் போகவில்லை. ஒவ்வொரு மழைக்கும் எங்காவது ஒரு குருத்து எட்டிப் பார்க்கும். காலையில் முதல் வேலையாகக் கடப்பாரையால் அதைக் குத்தி எடுப்பேன். எடுத்த கையோடு, இப்போது வெளியூர்க் கல்லூரியில் படிக்கும் மகளின் ஹாஸ்டலுக்குப் போன்.

"என்னப்பா, இன்னிக்கும் மொளைச்சிருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. எடுத்துட்டேன். ஒடம்பு எப்டி இருக்கு?"

"நல்லா இருக்கேன். கிளாஸுக்கு நேரமாச்சு, வைப்பா."

வைத்துவிடுவாள். குழியில் தண்ணீர் தேங்காமல் மண்ணைப் போட்டு மிதித்துவிட்டு, ஆபீஸுக்குக் கிளம்புவேன்.